கட்டம் கட்டாதே! – பசறை மாமா பதில்கள்

போன வாரம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "டேபிள் போட்டு இணையப் பக்கம் கட்டுகிறவனை அந்த டேபிளிலேயே கட்டிப் போட வேண்டும்." அவ்வளவுதான். கடிதம் குவிந்ததில் தபாற்கந்தோர்க்காரர் இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஜாதகம், தங்க விலை, கிரிக்கெட் கேட்டவர்கள் பொறுத்தருள்க. இந்த வாரம் கொம்பியூட்டர்காரர்களுக்கு.

மாமா, ஸ்டைல்ஷீட் என்றால் என்ன? சோதனையில் எழுதுகிற மாதிரி சொல்லுங்கள்.
(உயர்தர வகுப்பு மாணவி, லுணுகலை)

சோதனைக்கு: பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்.டி.எம்.எல். சொல்லும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். என்கிற ஸ்டைல்ஷீட் சொல்லும். நிறம், அளவு, இடைவெளி, எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எல்லாம் அதன் இலாகா.

சோதனைக்கு வெளியே: ஒரு கோப்பைத் தொட்டால் நூறு பக்கமும் நிறம் மாறும். டேபிள்காரன் நூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருப்பான். அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்.

டேபிளில் என்ன குறை கண்டீர்கள்? கட்டம் கட்டமாக அழகாகத்தானே நிற்கிறது?
(புடைவைக் கடைக்காரர், பதுளை)

தோட்டத்து லயமும் அழகாகத்தான் நின்றது, துரை பங்களாவிலிருந்து பார்த்தவர்களுக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே கூரை, பொதுச் சுவர். ஒரு காம்பராக்காரர் சுவரைக் கொஞ்சம் தள்ளி வைக்க நினைத்தால் அடுத்த வீட்டு அடுப்பு இஸ்தோப்புக்கு வந்துவிடும்.

டேபிளும் அதே சங்கதி. ஒரு செல்லில் பெரிய சேலைப் படம் போடுங்கள், அந்த நிரல் முழுக்க வீங்கும், பக்கத்து நிரல் மூச்சு முட்டும். அதைச் சமாளிக்க செல்லுக்குள் இன்னொரு டேபிள், அதற்குள் இன்னொன்று. கடைசியில் விலையை மாற்ற வந்தவன் எந்தக் காம்பராவில் நுழைந்தோம் என்று தெரியாமல் அழுவான்.

டேபிள் மேல் எனக்குப் பகை கிடையாது. பதுளை ஸ்டேஷனில் ரயில் நேரம் போடுகிறார்களே, அது டேபிள். உங்கள் கடைப் பெயரை இடப்பக்கம் ஒதுக்கி வைக்க எதற்கு டேபிள்? பெயர் என்ன கொழும்புக்கா போகிறது?

இந்த டேபிள் வேலையை ஆரம்பித்து வைத்த மகராசன் யார்?
(வாசகர், ஹாலி-எல)

1995இல் நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் டேபிளைக் காட்டத் தொடங்கியது. எண்களை வரிசைப்படுத்தக் கொடுத்த சாமான். ஓரக்கோட்டைப் பூச்சியமாக்கினால் கட்டம் கண்ணுக்குத் தெரியாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், கதை முடிந்தது.

1996இல் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர் 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி விடுவது எப்படி என்று அதில் பாடம். உலகமே அந்தப் புள்ளியை இழுக்கக் கிளம்பியது. அடுத்த வருஷமே "வலை கெட்டுப்போனது, கெடுத்தது நான்தான்" என்று அவரே தலைப்புப் போட்டுக் கட்டுரை எழுதினார்.

கெடுத்தவரே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டதற்கு நம் பக்கம் உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அச்சிடுகிறேன்.

ஸ்டைல்ஷீட்டைக் கண்டுபிடித்தவர் தமிழரா?
(இனப்பற்றுள்ள இளைஞன், மடுல்சீமை)

இல்லை. மனதைத் தேற்றிக்கொள்.

நோர்வேக்காரர், ஹோகன் வியூம் லீ. செர்ன் ஆய்வுகூடத்தில் இருந்தபோது 1994 ஒக்டோபர் 10ஆம் திகதி முதல் யோசனையை வெளியிட்டார். நெதர்லாந்துக்காரர் பெர்ட் பொஸ் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பர் 17இல் சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு, வலைக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது.

இப்போது வேடிக்கையைக் கேள். டேபிளைச் சேர்த்துக்கொண்ட எச்.டி.எம்.எல். 3.2 அதே அமைப்பின் பரிந்துரையானது 1997 ஜனவரி 14. மருந்து நோயைவிட ஒரு மாதம் மூத்தது!

மருந்து அப்போதே இருந்தால் ஏன் யாரும் குடிக்கவில்லை?
(அதே இளைஞன், அடுத்த தபாலில்)

பிரவுசர்காரர்கள் போத்தலைத் திறக்கவில்லை. நெட்ஸ்கேப் 4இல் ஒரு கோலம், எக்ஸ்ப்ளோரரில் இன்னொரு கோலம். ஒன்றில் நேராக நின்ற பெட்டி மற்றதில் பள்ளத்தில் விழும். டேபிளோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பிழைப்பு நடக்க வேண்டியவன் எதைப் பிடிப்பான்?

1998இல் ஜெஃப்ரி செல்ட்மன் முதலியவர்கள் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புரொஜெக்ட் என்று கூட்டணி அமைத்து, "விதிப்படி நட" என்று கம்பனிகளின் கழுத்தில் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. சந்தாவும் பிடிக்கவில்லை. நம் தோட்டத்துத் தலைவர்மார் குறித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ப்ளோரர் செய்தது முழுக்கத் தப்பா?
(வெப் டிசைன் படிப்பவர், பண்டாரவளை)

முழுக்க அல்ல. பெட்டியின் அகலம் 300 என்றால் எதற்கு 300? விதி சொன்னது, உள்ளே இருக்கும் விஷயத்துக்கு மட்டும். பேடிங் என்கிற திண்டும் ஓரக்கோடும் அதற்கு மேல். எக்ஸ்ப்ளோரர் 5, எல்லாம் சேர்ந்துதான் 300 என்றது. ஊரே கூடித் திட்டியது. அதைச் சமாளிக்கத் தனி வித்தைகள் எல்லாம் எழுதினார்கள்.

பிறகு சி.எஸ்.எஸ்.ஸிலேயே பொக்ஸ்-சைசிங் என்று ஒரு கட்டளை வந்தது. போட்டால் எக்ஸ்ப்ளோரர் 5 கணக்குப்படி அகலம் எடுக்கும். இன்றைக்கு முக்கால்வாசிப் பேர் ஸ்டைல்ஷீட்டின் முதல் வரியிலேயே அதைத்தான் போடுகிறார்கள். எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூனில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். போகும்போது யாரும் மன்னிப்புக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

டேபிளில் கட்டிய பக்கம் மெதுவாகத் திறக்கும் என்கிறார்களே?
(வாசகி, தெமோதரை)

நெட்ஸ்கேப் 4 காலத்து உண்மை. டேபிளை மூடும் டேக் வந்து சேரும்வரை திரை வெள்ளை. மூட மறந்தால் ஆயுசுக்கும் வெள்ளை. இன்றைய பிரவுசர் கெட்டிக்காரன், மூட மறந்தவனுக்கும் மூடிக்கொடுக்கும். அதனால்தான் இப்போது யாருக்கும் வெட்கமில்லை.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு. மேகம் வந்தால் அதுவும் இல்லை. எங்களுக்கு ஸ்டைல்ஷீட்டால் என்ன லாபம்?
(வாசகர், நமுனுகுலை)

உங்களுக்குத்தான் லாபம். டேபிள் பக்கத்தில் நிறமும் எழுத்துருவும் இடைவெளியும் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப இறங்கும். ஸ்டைல்ஷீட் ஒரு தரம் இறங்கினால் போன் அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளும். அடுத்த பக்கத்துக்கு விஷயம் மட்டும் வந்தால் போதும்.

2003இல் அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தளம் இப்படி மாறியது. பக்கத்துக்குச் சுமார் 50 கிலோபைட் மிச்சம். அவர்களிடம் வருகிற கூட்டத்துக்கு அது நாளொன்றுக்கு 2 டெராபைட் என்று கணக்குச் சொன்னார்கள்.

இன்றைய பிள்ளைகள் அந்த 50 கிலோபைட்டை மிச்சம் பிடித்துவிட்டு, முகப்பில் ஐந்து மெகாபைட்டுக்கு ஒரு நீர்வீழ்ச்சிப் படம் வைக்கிறார்கள். அது இறங்குவதற்குள் நீங்கள் துன்ஹிந்த அருவிக்கே நடந்து போய் வந்துவிடலாம்.

முப்பது வருஷமாகப் பாமினியில் தட்டச்சு செய்த பாடக் குறிப்புகள் வைத்திருக்கிறேன். இணையப் பக்கத்தில் ஏற்றினால் கிறுக்கலாக வருகிறது. ஸ்டைல்ஷீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?
(ஓய்வுபெற்ற அதிபர், ஹாலி-எல)

ஐயா, உட்காருங்கள். இது கொஞ்சம் கசப்பான செய்தி.

பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று பார்க்கிறீர்கள். கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் முகமூடி. எழுத்துரு இருக்கும் கொம்பியூட்டரில் முகமூடி நிற்கும். இல்லாத இடத்தில் கழன்றுவிடும். கூகிளில் 'தமிழ்' என்று தேடினால் உங்கள் குறிப்பு அகப்படாது, ஏனென்றால் அதில் தமிழ் என்ற சொல்லே இல்லை. முப்பது வருஷமாக நீங்கள் தமிழ் படிப்பித்தீர்கள். உங்கள் கொம்பியூட்டர் ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தது.

டேபிள் போட்டுப் பக்கம் கட்டியவன் செய்ததும் இதுதான், கொஞ்சம் சின்ன அளவில். விஷயத்தையும் தோற்றத்தையும் பிரிக்க முடியாதபடி ஒட்டினான். ஸ்டைல்ஷீட் எழுத்துருவை மாற்றும், எழுத்தை மாற்றாது.

வழி உண்டு. யூனிகோடில் 1991 முதல் தமிழுக்கு இடம் இருக்கிறது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. இலங்கையிலும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தரம் வகுத்தார்கள். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிவிட்டு ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல் கலந்த வரிகளையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கும். பிழை திருத்துவது உங்களுக்குப் பழகின தொழில்தானே.

முதல் தமிழ் இணையப் பக்கம் எப்போது வந்தது?
(வினாடி வினா வெறியர், பதுளை)

1995 ஒக்டோபர், சிங்கப்பூர். அந்த நாட்டுக் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை வலையேற்றியபோது தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே காட்டிவைத்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர்.

நெட்ஸ்கேப்பில் டேபிள் வந்ததும் அதே 1995. இலங்கையில் சல்லி கொடுத்து இணைய இணைப்பு வாங்கக் கிடைத்ததும் அதே 1995. நல்லதும் கெட்டதும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. டிக்கெட் எடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

டிஸ்கி, பாமினி, அது இது என்று எழுத்துரு மாறி மாறிச் செத்தபோது நம் பழைய நூல்கள் எப்படிப் பிழைத்தன?
(நூலக ஊழியர், பண்டாரவளை)

1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார், உலகமெங்கும் இருந்து ஆட்கள் கூலி வாங்காமல் தட்டச்சினார்கள். முதலில் டிஸ்கியில் போட்டார்கள், பிறகு யூனிகோடில் போட்டார்கள். வேலைப்பாட்டைக் குறைத்து நூலின் வரியை நம்பியதால் இடம் மாற்றுவது சுலபமாயிற்று. அலங்காரமாகக் கட்டிய எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் இன்று திறந்தால் கேள்விக்குறியாகத் தெரிகின்றன. கேள்வி கேட்கிறது, பதில் சொல்ல கட்டியவர் இல்லை.

இடப்பக்கப் பட்டியில் தமிழ்ச் சொற்கள் வெளியே வழிகின்றன. ஆங்கிலத்தில் ஒழுங்காக நிற்கிறது. தமிழுக்கு என்ன சாபம்?
(வெப் டிசைன் படிப்பவர், பண்டாரவளை)

நீளம்தான் சாபம். டேபிள் செல் தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலக்காரன் மூன்று சொல்லாக உடைத்து எழுதுவான். நாம் 'பெருந்தோட்டத்தொழிலாளர்களுக்காகவும்' என்று ஒரே மூச்சில் விடுவோம். செல் என்ன செய்யும், வயிற்றைத் தள்ளும்.

ஸ்டைல்ஷீட்டில் ஓவர்ஃப்ளோ-ராப் என்று ஒன்று இருக்கிறது; இடம் போதாவிட்டால் சொல்லை முறித்து அடுத்த வரிக்குத் தள்ளும். உண்மையான டேபிள் என்றால் டேபிள்-லேஅவுட் ஃபிக்ஸ்ட் என்று சொல், அகலம் அசையாது. இரு பக்கமும் நேராக்குகிற ஜஸ்டிஃபையை ஒடுங்கிய பட்டியில் போடாதே. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே லொறி போகும்.

அமைச்சின் பெயரை அடக்க மட்டும் சி.எஸ்.எஸ். போதாது. அதற்கு அமைச்சரவை மாற்றம் வேண்டும்.

மூன்று மொழிப் பக்கம் செய்கிறேன். சிங்களத்துக்குப் பக்கத்தில் தமிழ் சின்னதாகத் தெரிகிறது.
(அரச அலுவலர், பதுளை)

புதுச் செய்தி மாதிரிச் சொல்கிறீர்கள்!

ஒரே எண்ணைக் கொடுத்தாலும் எழுத்துருவுக்கு எழுத்துரு கண்ணளவு மாறும். 1998இல் வந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலேயே மொழியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழி செய்துவிட்டார்கள். பக்கத்தில் தமிழ்ப் பகுதிக்கு மொழி தமிழ் என்று குறித்து வையுங்கள். ஸ்டைல்ஷீட்டில் தமிழுக்கென்று தனி அளவு, தனி வரி இடைவெளி கொடுங்கள். ஆங்கிலத்துக்குப் போட்ட ஒடுங்கிய இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரி 'ணூ'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் கொண்டையும் சண்டை பிடிக்கும்.

பெயர்ப்பலகையில் தமிழுக்கு இடம் போதாமல் போனால் பெயின்டர் மேல் பழி போடலாம். இங்கே பெயின்டர் நீங்கள்.

எனக்குப் பார்வை இல்லை. கொம்பியூட்டர்தான் பக்கங்களை வாசித்துச் சொல்லும். சில பக்கங்களில் அது உளறுகிறது. பழுது என் கொம்பியூட்டரிலா?
(வாசகர், பதுளை)

உங்கள் கொம்பியூட்டரில் பழுதில்லை. அது எழுதியிருக்கிற வரிசைப்படி நாணயமாக வாசிக்கிறது. கட்டியவர்தான் தலைப்பை முதல் செல்லில் வைத்து, செய்தியை ஏழாவது செல்லில் வைத்து, நடுவில் விளம்பரத்தையும் வெற்றுக் கட்டங்களையும் அடுக்கியிருக்கிறார். போதாக்குறைக்கு டேபிளுக்குள் டேபிள் என்றால், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று அறிவிப்பு வேறு.

1999 மே 5இல் வெளியான அணுகல் வழிகாட்டி, நேர்வரிசையில் வாசித்தால் அர்த்தம் தராத டேபிளைப் பக்க அமைப்புக்குப் பயன்படுத்தாதே என்று சொல்லிவிட்டது. பக்கத்தில் செய்தியை முதலில் எழுதிவிட்டு, ஸ்டைல்ஷீட்டால் விளம்பரத்தைக் கண்ணுக்கு மட்டும் வலப்பக்கம் நிறுத்தலாம். நீங்கள் பயன்படுத்துவது ஆஸ்திரேலியாவில் பிறந்த என்.வி.டி.ஏ. என்ற வாசிக்கும் கருவி என்றால், அது இலவசம். அதை வைத்துச் சோதிக்க டிசைனருக்கும் காசு செலவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் தன் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். பாதியிலேயே திறந்துவிடுவார்.

செக்ரோலை இணையப் பக்கமாகக் காட்டச் சொல்கிறார்கள். மாமா ஏசுவார் என்று பயந்து எல்லாவற்றையும் டிவ் என்ற வெறும் பெட்டிகளில் அடுக்கிவிட்டேன். சரிதானே?
(தோட்ட அலுவலக ஊழியர், மடுல்சீமை)

அடப்பாவி! ஊருக்கெல்லாம் ஒரு டேபிள் வேண்டும் என்றால் அது இதுதானே!

இடப்பக்கம் ஆளின் பெயர். மேலே 1 முதல் 31 வரை திகதி. கட்டத்துக்குள் முழுப்பேரா அரைப்பேரா, எத்தனை கிலோ கொழுந்து. நிரைக்கும் அர்த்தம் உண்டு, நிரலுக்கும் உண்டு. திகதி நிரையையும் பெயர் நிரலையும் டி.எச். என்ற தலைப்புக் கட்டமாக்கு. எது எதற்குத் தலைப்பு என்று ஸ்கோப்பில் சொல். டேபிளுக்கு ஒரு கேப்ஷன் கொடு. அப்போதுதான் வாசிக்கும் கருவி "17ஆம் திகதி, இன்னார், அரைப்பேர்" என்று சேர்த்துச் சொல்லும்.

டிவ்வில் அடுக்கினால் அது வெறுமனே "அரைப்பேர், அரைப்பேர், முழுப்பேர்" என்று ஒப்பிக்கும். யாருடைய பேர் வெட்டுப்பட்டது என்று பெரட்டுக்களத்தில் போய்க் கேட்க வேண்டியதுதான்.

டேபிளை விட்டுவிட்டேன் மாமா! எல்லாம் டிவ். டிவ்வுக்குள் டிவ், அதற்குள் டிவ். ஒன்றுக்கு 'இடதுநீலம்' என்று பெயரும் வைத்திருக்கிறேன்.
(உயர்தர வகுப்பு மாணவன், பசறை)

நீ திருந்தவில்லை மருமகனே, கட்சி மாறியிருக்கிறாய்.

'இடதுநீலம்' என்று பெயர் வைத்தாய். நாளைக்கு முதலாளி அதை வலப்பக்கம் சிவப்பாகக் கேட்பார். அப்புறம் ஸ்டைல்ஷீட்டில் 'இடதுநீலம்: வலது, சிவப்பு' என்று எழுதி வைப்பாய். தேர்தல் அறிக்கை மாதிரி இருக்கும். அது என்ன வேலை செய்கிறதோ அந்தப் பெயரை வை. 2014இல் முடிவான எச்.டி.எம்.எல். 5இல் ஹெடர், நேவ், மெயின், ஆர்ட்டிக்கிள் என்று பெயர் சொல்லும் டேக்குகளே இருக்கின்றன. சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள்.

ஒரு பெட்டியை மேலும் கீழும் சரி நடுவில் நிறுத்த முடியாமல் தவிக்கிறேன். டேபிளில் ஒரு சொல்லில் வந்ததே!
(வெப் டிசைன் படிப்பவர், பண்டாரவளை. இவர் கேட்பது இந்த வாரம் மூன்றாவது!)

வந்தது, மறுக்க மாட்டேன். 1997இல் டேபிள்காரன் ஒரு சொல்லில் நடுவில் நிறுத்தினான். சி.எஸ்.எஸ்.காரனுக்கு அது வரவே இல்லை. வராததை "அது தேவையில்லாத ஆசை" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு சி.எஸ்.எஸ்.ஸில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற அடுக்கு முறை வந்தது, அலைன்-ஐட்டம்ஸ் சென்டர் என்றால் நடுவில் நின்றது. உடனே "பார்த்தாயா, நாங்கள் செய்து காட்டினோம்!"

இந்தக் குணத்துக்கு அவர்கள் மாகாண சபைக்கே நின்றிருக்கலாம்.

எங்கள் ஹோம்ஸ்டே பக்கம் கொம்பியூட்டரில் ஜோராக இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் போனில் திறந்தால் பக்கவாட்டில் ஓடுகிறது, 'புக் பண்ணு' பட்டன் தெரியவில்லை.
(ஹோம்ஸ்டே நடத்துபவர், எல்ல)

மூன்று நிரல் டேபிளில், 800 புள்ளித் திரைக்கு அளவெடுத்து யாரோ கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். போனில் அந்த மூன்று நிரலும் விடாப்பிடியாக அருகருகே நிற்கும். பட்டன் மூன்றாவது நிரலில், அதாவது போனுக்கு வெளியே.

2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்பவர், திரையின் அகலத்தைப் பார்த்துப் பக்கம் தானே உருமாற வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ரெஸ்பொன்சிவ் என்று பெயர். அகலத் திரையில் மூன்று நிரல், போனில் ஒன்றன் கீழ் ஒன்று. விஷயம் அதே, ஸ்டைல்ஷீட்டில் சில வரிதான் கூட.

நீங்கள் மாற்றும்வரை வெள்ளைக்காரர்கள் பட்டனைத் தேடிப் பக்கத்து வீட்டு ஹோம்ஸ்டேக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டாமல் இருந்தால் சரி.

2017இல் கிரிட் என்று சி.எஸ்.எஸ்.ஸே கட்டம் போட ஆரம்பித்துவிட்டது. மாமா தோற்றார், ஒப்புக்கொள்ளுங்கள்!
(பெயர் சொல்ல விரும்பாத டேபிள் அபிமானி, பசறை)

பெயர் சொல்லாவிட்டால் என்ன, கையெழுத்து தெரிகிறது.

கட்டத்தை நான் எப்போது திட்டினேன்? கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. டேபிளில் கட்டம் விஷயத்தோடு ஒட்டிக்கொண்டது; பிய்த்தால் இரண்டும் கிழியும். கிரிட்டில் கட்டம் ஸ்டைல்ஷீட்டில். அகலத் திரைக்கு நாலு நிரல் என்று எழுது, போனுக்கு ஒன்று என்று எழுது, அச்சுக்குக் கட்டமே வேண்டாம் என்று எழுது. உன் கட்டுரையில் ஒரு கமா அசையாது.

2017 மார்ச்சில் ஃபயர்பொக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் ஒரே மாதத்தில் கிரிட் வந்தது. நெட்ஸ்கேப்பும் எக்ஸ்ப்ளோரரும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது கும்பாபிஷேகம். ஆனால் கிரிட்டை 2011இலேயே முன்மொழிந்து முதலில் செய்து காட்டியது யார்? நாம் எல்லாரும் வாய் வலிக்கத் திட்டிய எக்ஸ்ப்ளோரரின் முதலாளி, மைக்ரோசொஃப்ட். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அடுத்த கேள்வி.

கிரிட்டில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமாமே?
(உயர்தர வகுப்பு மாணவி, லுணுகலை)

கண்ணுக்கு வைக்கலாம் மருமகளே. வாசிக்கும் கருவியும் கீபோர்டின் டேப் பட்டனும் நீ எழுதிய வரிசையில்தான் போகும். முதலில் எழுதியதைக் கடைசியில் நிறுத்தி விளையாடினால், டேப் தட்டுகிறவன் திரையில் தவளை மாதிரிப் பாய்ந்துகொண்டிருப்பான். வரிசையை எழுதும்போதே சரியாக எழுது. பிறகு அலங்காரம்.

இமெயிலுக்கும் டேபிள் கூடாதா?
(வியாபாரி, பதுளை)

கூடும். 2007இல் அவுட்லுக், மின்னஞ்சலைக் காட்டும் வேலையை வேர்ட்டிடம் ஒப்படைத்தது. கடிதம் எழுதப் பிறந்ததிடம் பக்கம் காட்டும் வேலை! அதற்கு ஸ்டைல்ஷீட் பாதி புரியாது, டேபிள் புரியும். அதனால் விளம்பர மின்னஞ்சல் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் 1997இலேயே வாழ்கிறார்கள். மறக்காமல் ரோல் பிரசன்டேஷன் என்று அந்த டேபிளில் குறித்துவிடுங்கள். இது தரவு இல்லை, வெறும் சுவர் என்று வாசிக்கும் கருவிக்குத் தெரியும்.

பக்கத்தைப் பிரின்ட் எடுத்தால் மெனு, விளம்பரம், பின்னணிப் படம் எல்லாம் சேர்ந்து வருகிறது. பிரின்டர் மை காலி.
(கொமியூனிகேஷன் கடைக்காரர், பசறை)

ஸ்டைல்ஷீட்டில் அச்சுக்கென்று தனிப் பகுதி எழுதலாம்: மெனுவை மறை, பின்னணியை எடு, எழுத்தைக் கறுப்பாக்கு. விண்ணப்பப் படிவம் ஏற்றுகிற அலுவலகங்கள் இதைச் செய்தால் சனத்துக்குப் பக்கக் காசு மிச்சம்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற நீங்கள் இதைக் கேட்கிறீர்களே, அந்த நல்ல மனதைப் பாராட்டுகிறேன். வீட்டில் தெரியுமா?

ஒரே எச்.டி.எம்.எல்.லை வெவ்வேறு பக்கம் மாதிரிக் காட்டலாம் என்பது உண்மையா, கட்டுக்கதையா?
(வாசகர், லுணுகலை)

2003இல் கனடாவின் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். சென் கார்டன்' என்று ஒன்று திறந்தார். விதி எளிது: என் எச்.டி.எம்.எல்.லில் கை வைக்காதே, ஸ்டைல்ஷீட்டை மட்டும் எழுதி அனுப்பு. வந்து குவிந்தன. ஒன்று கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரி, ஒன்று பழைய சினிமாச் சுவரொட்டி மாதிரி. நம்பாதவர்கள் மூலத்தைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் அதே வரிகள்.

"ஸ்டைல்ஷீட்டில் அழகு வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு "எனக்கு அழகு வராது" என்று சுருக்கிக்கொண்டார்கள்.

என் கல்யாணத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்கிறேன். பெண் வீட்டார் தலைப்பு மஞ்சள் என்கிறார்கள், எங்கள் வீட்டார் சிவப்பு என்கிறார்கள். இரண்டையும் எழுதினால் எது ஜெயிக்கும்?
(மாப்பிள்ளை, தெமோதரை)

இரண்டும் ஒரே பலம் என்றால் கடைசியாக எழுதியது ஜெயிக்கும். ஒன்று 'தலைப்பு' என்று பொதுவாகவும் மற்றது 'முகப்பில் உள்ள இந்தத் தலைப்பு' என்று குறிப்பாகவும் சொன்னால், குறிப்பாகச் சொன்னது ஜெயிக்கும், முன்னால் இருந்தாலும் சரி. இம்போர்ட்டன்ட் என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டையும் தள்ளிவிட்டு அதுவே நிற்கும்.

அந்தச் சொல்லை மாமியார் கையில் கொடுத்துவிடு. இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

டேபிளில் கட்டிய பழைய தளத்தை மாற்ற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
(பாடசாலைப் பழைய மாணவர் சங்கச் செயலாளர், பசறை)

டேபிளை உடைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் விஷயத்தை மட்டும் வெறும் எழுத்தாக வெளியே எடுங்கள். எது தலைப்பு, எது பந்தி, எது பட்டியல் என்று குறியுங்கள். மேலிருந்து கீழ் வாசித்துப் பாருங்கள், கதை புரிகிறதா? புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகுதான் நிறமும் நிரலும்.

அப்படி எடுக்கும்போது சில தளங்களில் விஷயமே இல்லை என்று தெரியவரும். தலைவரின் படமும் வாழ்த்துச் செய்தியும்தான் மிஞ்சும். அதற்கு ஸ்டைல்ஷீட்டில் மருந்தில்லை, பொதுக்கூட்டத்தில் பாருங்கள்.

பக்கம் செய்துகொடுக்க எவ்வளவு கேட்கலாம் மாமா?
(வெப் டிசைன் படிப்பவர், பண்டாரவளை)

டேபிளில் என்றால் நீ அவருக்குக் கொடு.

ஒருநாள் ஸ்டைல்ஷீட்டை எல்லாம் கழற்றிவிட்டுப் பக்கத்தை அம்மணமாக விடுவார்களாமே? சீ, உண்மையா?
(வெட்கப்படும் வாசகர், ஹாலி-எல)

உண்மை. 2006இல் தொடங்கிய வழக்கம், இப்போது ஏப்ரல் 9ஆம் திகதி. துணிச்சல் உள்ளவர்கள் அன்று தங்கள் தளத்தின் ஸ்டைல்ஷீட்டை எடுத்துவிடுவார்கள். ஒழுங்காக எழுதிய பக்கம் உடுப்பில்லாமலும் தலைப்பு, பந்தி, பட்டியல் என்று மரியாதையாக நிற்கும். டேபிளில் கட்டியவருக்குக் கழற்ற ஒன்றும் இருக்காது; உடுப்பு தோலோடு தைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சித்திரை வருஷத்துக்குப் புது உடுப்பு எடுக்க இன்னும் நாலைந்து நாள் இருக்கிறதே.